பங்காளிகளான பிறகு: கோம்பே, வாம்பா, விருங்கா

1974 ஜனவரி 7. தான்சானியாவின் கோம்பேயில், தாங்கானிக்கா ஏரியை நோக்கி இறங்கும் மலைச்சரிவில், கோடி என்ற ஆண் சிம்பன்சி மரத்தில் தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். வடக்கே இருந்த கசகேலாக் கூட்டத்தின் ஆறு வளர்ந்த ஆண்களும், கோப்ளின் என்ற விடலையும், ஜிஜி என்ற பெண்ணும் சத்தமில்லாமல் தெற்கே வந்திருந்தன. அவற்றைப் பார்த்ததும் கோடி குதித்து ஓடினான். வந்தவர்களில் ஹம்ஃப்ரி என்ற ஆண் அவன் காலைப் பிடித்து இழுத்துத் தரையில் அழுத்தி, தலைமேல் உட்கார்ந்துகொண்டான். மற்ற ஆண்கள் அடித்தன, கடித்தன. பத்து நிமிடம் இது நடந்தது. கடைசியில் ரோடோல்ஃப் என்ற வயதான ஆண் ஒரு கல்லைத் தூக்கி, விழுந்து கிடந்தவன்மேல் எறிந்தான். கூட்டம் கூச்சலிட்டபடி வடக்கே திரும்பியது. கோடி மெல்ல எழுந்தான். அந்த நாளுக்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

இதை நேரில் பார்த்துப் பதிவு செய்தவர் கோம்பேயின் தான்சானியக் களப்பணியாளர் ஹிலாலி மதாமா. சிம்பன்சிக் கூட்டம் ஒன்று பக்கத்துக் கூட்டத்தின் ஆணை இப்படித் தாக்கியதை மனிதர் கண்ணால் கண்டது அதுவே முதல் முறை. ஆனால் என்னை இந்த வழக்கில் பிடித்து வைத்திருப்பது வேறொரு விஷயம். அடித்தவர்களும் அடிவாங்கியவனும் அந்நியர்கள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒரே கூட்டம். ஒரே மரத்தில் தின்றவர்கள், ஒருவருக்கொருவர் பேன் பார்த்தவர்கள்.

அவன், இவன் என்று எழுதுவதற்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1960-இல் கோம்பேக்கு வந்து சிம்பன்சிகளுக்குப் பெயர் வைத்தபோது, எண் கொடுப்பதுதான் அறிவியல் என்று கண்டித்தவர்கள் இருந்தார்கள். பெயரும் வரலாறும் தெரிந்த பிறகு ‘அது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தனியாள் என்றால் அவன், அவள்; கூட்டம் என்றால் அவை, சில இடங்களில் அவர்கள். இந்தக் கட்டுரையில் அப்படித்தான் வரும்.

ஒரே கூட்டம் இரண்டாகப் பிரிந்த பிறகு என்ன ஆகிறது? ஆப்பிரிக்காவின் மூன்று வாலில்லாக் குரங்கினங்களிலும், அதாவது சிம்பன்சி, பொனோபோ, கொரில்லா மூன்றிலும், இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். மூன்றிலும் கூட்டம் பிரிந்ததை மனிதர்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள். விடை மூன்று விதமாக வருகிறது. கோம்பேயை முதல் வழக்காக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கோம்பே: ஒன்றாக இருந்த காலம்

கசகேலா, கஹாமா இரண்டுமே கோம்பேயின் பள்ளத்தாக்குகளின் பெயர்கள். மலையிலிருந்து ஓடைகள் இறங்கி ஏரியில் விழுகின்றன. ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு பள்ளத்தாக்கு. 1960-களில் இந்த இரண்டு பக்கத்துச் சிம்பன்சிகளும் சேர்ந்தே திரிந்தன. கோலியாத் என்ற ஆண் தலைவனாக இருந்தான். 1964-இல் மைக் என்பவன் குடாலின் முகாமிலிருந்து எடுத்த காலி மண்ணெண்ணெய் டின்களை உருட்டிச் சத்தம் எழுப்பி, மற்ற ஆண்களை மிரட்டியே தலைமைக்கு வந்தான். 1971-இல் அந்த இடத்துக்கு வந்தவன்தான் ஹம்ஃப்ரி.

சிம்பன்சிக் கூட்டத்தின் அமைப்பைத் தமிழர்களுக்கு விளக்குவது சுலபம். பிறந்த இடத்திலேயே வாழ்நாள் முழுக்க இருப்பவை ஆண்கள். பருவம் வந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் பெண்கள். ஆக, ஒரு கூட்டத்தின் ஆண்கள் எல்லாம் பங்காளிகள். பெண்கள் வாழ வந்தவர்கள். எல்லோரும் எப்போதும் சேர்ந்தே இருப்பதும் இல்லை. காலையில் நாலைந்தாகப் பிரிந்து போய், பழம் நிறைந்த மரம் கிடைத்தால் சேர்ந்து, மறுபடி பிரிவார்கள். குட்டியோடு இருக்கும் தாய் பல நாட்கள் தனியாகவே திரிவாள். இந்தப் பிரிந்து சேரும் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோடி மரத்தில் தனியாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

1970-ஐ ஒட்டி மெல்ல ஒரு விரிசல் தெரிந்தது. சில ஆண்கள் தெற்கிலேயே அதிக நாள் தங்கின. அவற்றில் முக்கியமானவர்கள் சார்லியும் ஹியூவும். இருவரும் அண்ணன் தம்பி என்றே கருதப்பட்டது. அவர்கள் இருவரும் சேர்ந்து வடக்கே வந்தால் ஹம்ஃப்ரி நேருக்கு நேர் நிற்கமாட்டான். 1972-க்குள் பிரிவு முடிந்துவிட்டது. தெற்கே கஹாமாக் கூட்டத்தில் ஆறு வளர்ந்த ஆண்கள்: சார்லி, ஹியூ, கோடி, டே, வில்லி வாலி, அப்புறம் பழைய தலைவன் கோலியாத். ஸ்னிஃப் என்ற விடலையும் சில பெண்களும் அவர்களோடு போனார்கள். மற்றவர்கள் எல்லாம் வடக்கே, கசகேலாவில்.

2018-இல் ஜோசப் ஃபெல்ட்ப்ளம், ஆன் பியூசி உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்தக் காலத்து முகாம் பதிவுகளை எடுத்து, எந்த ஆண் யாரோடு எத்தனை நாள் சேர்ந்து வந்தான் என்று கணக்கிட்டார்கள். 1960-களின் கடைசி ஆண்டுகளில் ஆண்கள் எல்லாரோடும் கலந்துதான் இருந்தார்கள். 1971-இலிருந்து இரண்டு கொத்தாகப் பிரிவது தெரிகிறது. ஹம்ஃப்ரிக்கும் சார்லி-ஹியூ சகோதரர்களுக்கும் இடையே தலைமைப் போட்டி முற்றிய காலம் அது. சினைப் பருவத்தில் இருந்த பெண்கள் குறைவாக இருந்ததும் அதே சமயத்தில்தான். மேலிடத்தில் இரண்டு மூன்று பேர் முறுக்கிக்கொண்டதில் கூட்டமே பிளந்தது என்பது அவர்கள் முடிவு.

நான்கு ஆண்டுகள்

ஹியூ 1973 வாக்கிலேயே காணாமல் போயிருந்தான். 1974 ஜனவரியில் கோடி. அடுத்த மாதமே டே; அவனைத் தாக்கியபோது கசகேலாவின் ஜோமியோ அவன் தொடையிலிருந்து தோலைக் கிழித்தான். 1975 பிப்ரவரியில் கோலியாத்.

கோலியாத்தின் முடிவைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப் போகிறது. அப்போது அவனுக்கு வயதாகிவிட்டது. பற்கள் தேய்ந்து, உடல் ஒடுங்கி, யாருக்கும் போட்டியாக இல்லாதவன். அவனை அடித்தவர்களில் ஃபிகன் ஒருவன். ஃபிகன் சிறுவனாக இருந்தபோது பின்னாலேயே சுற்றி வியந்து பார்த்த பெரியவன் இந்தக் கோலியாத். 1973-இல் ஃபிகன் தலைவன் ஆகியிருந்தான். அதுவும் தனியாக ஆகவில்லை. போலியோவால் ஒரு கை செயலிழந்த அண்ணன் ஃபாபென் பக்கத்தில் நின்றதால் ஆனான். அண்ணனோடு அத்தனை நெருக்கம் காட்டிய அதே ஃபிகன்தான் கிழவனை மறுபடி மறுபடி ஓடிவந்து அடித்தான்.

1975 மே மாதம் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆயுதம் தாங்கிய கும்பல் படகில் வந்து முகாமிலிருந்த நான்கு மாணவர்களைக் கடத்திச் சென்றது. அவர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டாலும், வெளிநாட்டு மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஏற்பாடு நின்றுபோனது. அப்போது பணியை நிறுத்தாமல் தினமும் காட்டுக்குள் போய்க் குறிப்பெடுத்தவர்கள் சுற்று வட்டாரத் தான்சானியக் களப்பணியாளர்கள். அவர்கள் இல்லையென்றால் இந்த வழக்கின் பிற்பகுதியே நமக்குக் கிடைத்திருக்காது. கோம்பே என்றால் ஒரே ஒரு பெயர் மட்டும் நினைவுக்கு வருவது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

1977 மே மாதம் சார்லியின் உடல் கிடைத்தது. அந்தத் தாக்குதலை ஆய்வாளர் யாரும் பார்க்கவில்லை, காயங்கள்தான் சொல்லின. நவம்பரில் ஸ்னிஃப். கூட்டம் பிரிந்தபோது விடலையாக இருந்தவன், அப்போதுதான் முழு ஆணாகி இருந்தான். வில்லி வாலியும் மறைந்துவிட்டான். கஹாமாவில் ஆண் என்று ஒருவரும் மிச்சமில்லை. கசகேலாக் கூட்டம் தெற்கே இறங்கி அந்தப் பள்ளத்தாக்கில் தின்றது, படுத்தது.

அந்த வெற்றி நீடிக்கவில்லை. கஹாமாவுக்கும் தெற்கே கலாண்டே என்ற பெரிய கூட்டம் இருந்தது. நடுவில் இருந்த கஹாமா இல்லாமல் போனதும், கலாண்டே ஆண்கள் வடக்கே ஏறி வரத் தொடங்கின. சில ஆண்டுகளில் கசகேலா பிடித்த நிலத்தின் பெரும்பகுதியை விட்டுப் பின்வாங்க வேண்டியிருந்தது.

இரவில் விழித்தால் இந்தக் காட்சிகளே கண்முன் வந்ததாக குடால் எழுதியிருக்கிறார். அதுவரை சிம்பன்சிகள் நம்மைவிட நல்லவை என்றே நம்பியவர் அவர்.

வாழைப்பழம் காரணமா?

செய்தி வெளியே வந்ததும் எழுந்த முதல் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்விதான். 1960-களின் தொடக்கத்திலிருந்து முகாமில் வாழைப்பழம் கொடுத்தார்கள். பழத்துக்காகக் கூட்டம் கூடியது, பபூன்களும் வந்தன, சண்டை பெருகியது. அதைப் பார்த்து அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பழத்தை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். இயல்பாகப் பிரிந்தே இருந்திருக்க வேண்டியவற்றை வாழைப்பழம் ஒன்றுசேர்த்தது, குறைத்ததும் பிளந்தது, மனிதன் கை வைத்ததால் வந்த வினை என்று பலர் வாதிட்டார்கள்.

இதற்குப் பதில் ஒரு இடத்திலிருந்து வரவில்லை. 2014-இல் மைக்கேல் வில்சனும் உடன் ஆய்வாளர்களும் 18 சிம்பன்சிக் கூட்டங்களின் பல பத்தாண்டுப் பதிவுகளை ஒன்றுசேர்த்தார்கள். நேரில் பார்த்தவை, உடலையும் காயத்தையும் வைத்து முடிவு செய்தவை, சந்தேகத்துக்கு உரியவை எல்லாம் சேர்த்து 152 கொலைகள். அவை 15 கூட்டங்களில் நடந்தவை. உணவு கொடுத்த இடமா, காடு அழிந்த இடமா என்பதற்கும் கொலைக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆண்கள் எத்தனை பேர் இருந்தார்கள், கூட்டங்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. தாக்கியவர்களில் 92 விழுக்காடு ஆண்கள். கூட்டம் விட்டுக் கூட்டம் நடந்த தாக்குதல்களில் பொதுவாக ஒருவருக்கு எட்டுப் பேர். கோடியின் மரத்தடியிலும் அதே கணக்குதான்.

உகாண்டாவின் கிபாலே காட்டில் இருக்கும் ங்கோகோவில் யாரும் வாழைப்பழம் கொடுத்ததே இல்லை. அங்குள்ள ஆண்கள் 1999 முதல் 2008 வரை பக்கத்துக் கூட்டங்களைச் சேர்ந்த 21 பேரைக் கொன்று, 2009-இல் வடகிழக்கே நிலத்தை 22 விழுக்காடு பெருக்கிக்கொண்டன. அதற்கு முந்தைய மூன்று ஆண்டில் பிறந்த குட்டிகள் 15. பிந்தைய மூன்று ஆண்டில் 37. மூன்று வயதுக்குள் குட்டி இறக்கும் வாய்ப்பு 41 விழுக்காட்டிலிருந்து 8-க்கு இறங்கியது. கொலைக்குப் பலன் இருக்கிறது என்று இந்த எண்கள் சொல்கின்றன. சொல்வதற்குக் கசப்பாக இருக்கிறது, ஆனால் அதை மறைத்து எழுதினால் இந்த வழக்கு புரியாது.

அதே ங்கோகோக் கூட்டம், சுமார் 200 பேராகப் பெருத்த பிறகு, 2015-ஐ ஒட்டி உள்ளேயே விரிசல் விட்டது. மேற்கு, மையம் என்று இரண்டாகி, சேர்ந்து வேட்டையாடிய மையத்து ஆண்களையே மேற்கு ஆண்கள் கொல்லத் தொடங்கின. கோம்பே ஒரு விபத்து என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வாம்பா: கரும்பு கொடுத்த இடம்

வாழைப்பழ வாதத்தை என் மனதில் முடித்து வைத்தது ங்கோகோகூட இல்லை, வாம்பாதான்.

காங்கோ ஆற்றுக்குத் தெற்கே மட்டும் வாழ்பவை பொனோபோக்கள். சிம்பன்சியும் பொனோபோவும் ஒரு தாய் மக்கள். ஒன்று முதல் இரண்டு மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு வழி பிரிந்தவை. காங்கோ ஜனநாயகக் குடியரசில் வாம்பா என்ற ஊரைச் சுற்றி, ஜப்பானைச் சேர்ந்த தகாயோஷி கானோ 1970-களின் நடுவில் ஆய்வைத் தொடங்கினார். அந்த ஊர் மக்களுக்குப் பொனோபோ உறவு முறை. அதை உண்பது குற்றம் என்பது முன்னோர் சொல். அதனால்தான் அந்த இடம் அவருக்குக் கிடைத்தது.

கானோ குழுவும் உணவு கொடுத்தது. வாழைப்பழத்துக்குப் பதில் கரும்பு. அந்தக் கரும்புக்கு வந்த கூட்டத்துக்கு ஆங்கில எழுத்தான ஈ (E) என்று பெயர். 1980-களின் தொடக்கத்தில் அதுவும் பிரிந்தது: ஈ1, ஈ2. ஆக, கோம்பேயில் இருந்த எல்லாமே இங்கும் இருந்தன. மனிதன் கொடுத்த உணவு, பெருத்த கூட்டம், பிளவு. பிறந்த இடத்திலேயே தங்கிவிடும் ஆண்கள், வெளியிலிருந்து வந்த பெண்கள் என்ற அமைப்பும் அதேதான். பின்னால் நடந்தது மட்டும் வேறு. நான்கு ஆண்டு அல்ல, நாற்பது ஆண்டாகியும் ஒரு கூட்டத்து ஆண்கள் திரண்டுபோய் மறு கூட்டத்து ஆண்களை ஒழித்துக்கட்டியதாக வாம்பாவில் ஒரு பதிவும் இல்லை.

1980-களின் பிற்பகுதியில் ஈ1 கூட்டமும் பி (P) என்ற பக்கத்துக் கூட்டமும் கரும்பு போடும் இடத்தில் சந்தித்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் விவரமாக எழுதினார்கள். இரண்டு பக்கமும் முதலில் கத்தல். ஆண்கள் முறைத்துக்கொண்டு தள்ளியே நின்றன. பிறகு ஒரு பெண் எழுந்து நடுவெளியைக் கடந்து அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் போனாள். பெண் பொனோபோக்கள் பதற்றம் தணிய ஒன்றையொன்று அணைத்து உடலை உரசிக்கொள்ளும், அதைச் செய்தார்கள். இன்னொருத்தி போனாள். கொஞ்ச நேரத்தில் குட்டிகள் கலந்து விளையாடின, இரண்டு கூட்டத்துப் பெண்களும் பேன் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் மட்டும் கடைசிவரை விலகியே இருந்தன. இரண்டு கூட்டமும் நாள் கணக்கில் சேர்ந்து தங்கியதும் உண்டு.

அந்த ஆண்களின் நிலையைக் கவனியுங்கள். அவற்றுக்கு அக்கரைக்காரன்மேல் பாசம் ஒன்றும் வந்துவிடவில்லை. சண்டை போட ஆள் திரளவில்லை, அவ்வளவுதான்.

கோகோலோபோரி என்ற இன்னொரு இடத்தில் லிரன் சமுனியும் மார்ட்டின் சர்பெக்கும் இரண்டு பக்கத்துக் கூட்டங்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து 2023-இல் எழுதினார்கள். கூட்டம் தாண்டிப் பழத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன, கூட்டம் தாண்டிப் பேன் பார்க்கின்றன, கூட்டம் தாண்டித் துணைக்கும் நிற்கின்றன. தன் கூட்டத்துக்குள் யார் அதிகம் கொடுத்துப் பழகியவரோ, அவரே மறு கூட்டத்தாருக்கும் அதிகம் கொடுத்தார்.

பொனோபோ என்றாலே சாந்த சொரூபம் என்ற ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. 2024-இல் மோட் மூஷினோவும் உடன் ஆய்வாளர்களும் கோகோலோபோரியின் மூன்று பொனோபோக் கூட்டங்களையும் கோம்பேயின் இரண்டு சிம்பன்சிக் கூட்டங்களையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட்டார்கள். ஆண் பொனோபோக்கள் சண்டைக்குப் போனது சிம்பன்சிகளைவிட 2.8 மடங்கு அதிகம். கை வைத்து அடித்தது 3 மடங்கு. படித்தபோது திகைத்துப் போனேன். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது: சண்டைகளில் இரண்டு மூன்று ஆண்கள் கூட்டுச் சேர்ந்து இறங்கியது சிம்பன்சியில் 13 விழுக்காடு, பொனோபோவில் 1 விழுக்காடு. ஆண் பொனோபோ தினமும் மல்லுக்கு நிற்பான், தனியாகத்தான் நிற்பான். தனியாக நிற்பவன் சண்டையில் இரண்டு பேருக்கும் அடி விழும், உயிர் போகாது.

விருங்கா: முதுகு வெளுத்தவர்கள்

மூன்றாவது, மலைக் கொரில்லா. ருவாண்டா எல்லையின் விருங்கா எரிமலைகளில் டயான் ஃபாசி 1967-இல் கரிசோகே முகாமைத் தொடங்கினார். கொரில்லாக் கூட்டம் சிம்பன்சிக் கூட்டம்போல் பிரிந்து சேர்வதில்லை. எல்லாரும் ஒன்றாகவே மேய்ந்து ஒன்றாகவே படுப்பார்கள். நடுவில் முதுகு வெளுத்த பெரிய ஆண். சில கூட்டங்களில் அப்படி இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

1993-இல் ஐந்தாம் கூட்டத்தின் தலைவன் ஸிஸ் இறந்தான். கூட்டம் பாப்லோ, ஷிண்டா என்ற இரு ஆண்களின் பின்னால் இரண்டாகப் பிரிந்தது. பாப்லோ கூட்டம் பின்னாளில் 60-ஐத் தாண்டியது. கொரில்லாவுக்கு அது பெரிய எண்ணிக்கை.

இப்படிப் பிரிந்த கூட்டங்கள் எதிரெதிரே வந்தால் என்ன செய்கின்றன? ராபின் மாரிசனும் உடன் ஆய்வாளர்களும் 17 கூட்டங்களின் 16 ஆண்டுச் சந்திப்புகளைப் பார்த்து 2020-இல் எழுதினார்கள். முன்பு ஒன்றாக வாழ்ந்து பிரிந்த கூட்டங்கள் சந்தித்தால், அது நட்பாக முடியும் வாய்ப்பு மற்றக் கூட்டங்களைவிட சுமார் 4 மடங்கு. பிரிந்து பத்தாண்டு கழிந்த பிறகும் அந்தப் பழக்கம் மறையவில்லை. குட்டிகள் கலந்து விளையாடும், பெரியவை பக்கத்தில் படுத்து ஓய்வெடுக்கும். தன் நிலத்தின் நடுப்பகுதியில் வந்தால் மட்டும் பழையவர் என்றாலும் முறைப்பு உண்டு.

கோம்பேயில் பழகிய முகம் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை, விருங்காவில் தருகிறது. எனக்கு இது பொனோபோவைவிட வியப்பாக இருக்கிறது. கொரில்லா நமக்குச் சிம்பன்சியைவிடத் தூரத்து உறவு.

கொரில்லாவின் வாழ்வில் ரத்தம் இல்லை என்று சொல்லவில்லை. தலைவன் இறந்து தாய் வேறு ஆணிடம் போனால், பால்குடிக் குட்டியைப் புதியவன் கொன்றுவிடுவது உண்டு. 2007-இலிருந்து கரிசோகே பக்கம் கூட்டங்கள் அடுத்தடுத்துப் பிரிந்து நெருக்கம் கூடியபோது சந்திப்புகள் பெருகின, குட்டிக் கொலையும் பெருகியது; அந்தப் பகுதியில் எண்ணிக்கை பெருகும் வேகம் பாதிக்கும் கீழே போனது. ஆனால் அது ஒரு ஆண் தன் குடும்பத்துக்காக இன்னொரு ஆணோடு மோதும் மோதல். எட்டுப் பேர் வரிசையாக எல்லை தாண்டிப் போவதில்லை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது

கோபம் மூன்றிலும் இருக்கிறது. நில ஆசை மூன்றிலும் ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. யார் யாருக்குத் துணை நிற்கிறார் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன என்று நான் நினைக்கிறேன்.

சிம்பன்சியில் துணை நிற்பது ஆணுக்கு ஆண். ஃபிகனுக்கு ஃபாபென், சார்லிக்கு ஹியூ. அந்தத் துணை பொய்யானது அல்ல. மணிக்கணக்கில் பேன் பார்த்துச் சேர்த்த உறவு. ஐவரிகோஸ்டின் டாயி (Taï) காட்டில் சிம்பன்சிகள் எல்லைச் சண்டைக்குக் கிளம்பும் முன்பும் சண்டையின்போதும் எடுத்த சிறுநீரில் ஆக்சிடோசின் உயர்ந்திருந்ததை 2017-இல் கண்டார்கள். தாய்க்குப் பால் சுரக்கும்போது ஊறும் அதே இயக்குநீர். எல்லையில் சத்தமில்லாமல் ஒருவர் பின் ஒருவராக நடந்து, குன்றின்மேல் ஏறி நின்று, மறுபக்கத்துச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பவர்களை இணைப்பது பாசம்தான். அந்தப் பாசம் எட்டுப் பேரை ஒன்றாக்குகிறது. எதிரே ஒருவன் தனியாக மரத்தில் இருந்தால், எட்டுப் பேருக்கும் கீறல்கூட விழாமல் காரியம் முடிகிறது. ஆபத்தே இல்லாத தாக்குதல் என்பதால்தான் அது நடக்கிறது.

பொனோபோவில் துணை நிற்பது பெண்ணுக்குப் பெண். வெவ்வேறு கூட்டங்களிலிருந்து வந்தவர்கள், ரத்த உறவு இல்லாதவர்கள். ஒரு வீட்டுக்கு வெவ்வேறு ஊரிலிருந்து வாழ வந்த மருமகள்கள் சேர்ந்து நிற்பதுபோல. ஆறு கூட்டங்களின் சுமார் 30 ஆண்டுப் பதிவுகளைத் திரட்டி 2025-இல் வந்த ஆய்வில், பெண்கள் திரண்டு இறங்கிய சண்டைகளில் 85 விழுக்காடு ஆண்களுக்கு எதிரானவை. ஆண்-பெண் மோதல்கள் 1,786-இல் 61 விழுக்காட்டில் பெண் ஜெயித்தாள், உடலால் ஆண் பெரியவன் என்றபோதும். ஆண் பொனோபோவின் நம்பிக்கையான துணை அவன் அம்மா. அம்மா கூட்டத்தில் இருந்தால் மகன் தந்தையாகும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. அம்மா முந்தானையைப் பிடித்தே மேலே வருபவனுக்குச் சித்தப்பன் மகனோடு கூட்டுச் சேர அவசியமில்லை. பெண் சினைப் பருவத்தின் அறிகுறியை நீண்ட நாள் காட்டுவதால், எந்த நாள் கருத்தரிக்கும் நாள் என்று ஆணுக்குத் தெரிவதும் கடினம். காவல் காத்துப் பிரயோசனம் குறைவு.

பெண்களால் எப்படிச் சேர்ந்து இருக்க முடிந்தது? ஆற்றுக்குத் தெற்கே கொரில்லா இல்லை. வடக்கே கொரில்லா தின்றுவிடும் தரைத் தழைகள் தெற்கே பொனோபோவுக்கே மிச்சம். பழம் குறைந்த நாளிலும் தழை தின்றுகொண்டு பெரிய கூட்டமாகத் திரியலாம், தாய்கள் தனியே போக வேண்டியதில்லை. ரிச்சர்ட் ராங்கம் முன்வைத்த விளக்கம் இது. எல்லோரும் ஏற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது. ஆனால் சிம்பன்சிக்குள்ளேயே, மேற்கு ஆப்பிரிக்காவின் டாயி காட்டில் பெண்கள் அதிகம் கூட்டத்தோடு இருக்கிறார்கள், கிழக்கைவிடக் கொலையும் குறைவு என்பது இந்தத் திசைக்கு வலுச் சேர்க்கிறது. சிம்பன்சி என்று மொத்தமாக ஒரு குணம் சொல்லிவிடக் கூடாது என்பதற்கும் அதுவே சாட்சி.

கொரில்லாவில் துணை நிற்பது பெண்ணும் குட்டியும் ஒரு பெரிய ஆணுக்குப் பக்கத்தில். சேர்ந்து போர் தொடுக்கும் ஆண் கூட்டணி பெரும்பாலும் இல்லாததால், பிரிவு அங்கே பகையாகக் கெட்டியாவதில்லை.

மேடம் பீயின் பெண்கள்

கஹாமாவின் ஆண்களைப் பற்றியே இதுவரை எழுதினேன். பெண்களில் ஒருத்தி மேடம் பீ. 1966-இல் வந்த போலியோவில் அவளுக்கும் ஒரு கை போயிற்று. அவளைக் கசகேலா ஆண்கள் ஒரு முறை இல்லை, பல முறை தாக்கின. 1975 செப்டம்பரில் நடந்தது கடைசித் தாக்குதல். ஐந்து நாள் உயிரோடு கிடந்தாள். இளைய மகள் ஹனி பீ அருகிலேயே இருந்து, புண்களில் மொய்த்த ஈக்களை விரட்டி, அம்மாவுக்குப் பேன் பார்த்தபடி இருந்தாள்.

மூத்த மகள் லிட்டில் பீ கசகேலாக் கூட்டத்துக்கே போய்ச் சேர்ந்தாள். பருவப் பெண்ணை அந்தக் கூட்டம் கொல்லவில்லை, சேர்த்துக்கொண்டது. இதே சமயத்தில் வாம்பாவை நினைத்துப் பார்க்கிறேன். 2021-இல் வெளியான பதிவில் மாரி, சியோ என்ற இரண்டு பெண் பொனோபோக்கள் வேறு கூட்டத்துக் குட்டிகளைத் தத்தெடுத்து, முதுகில் சுமந்து வளர்த்தார்கள். சியோவுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அங்கே வேறு கூட்டத்துக் குட்டி என்பது எடுத்து வளர்க்கத் தடையாக இல்லை. இங்கே எல்லை தாண்டிப் போகப் பருவப் பெண்ணுக்கு மட்டும் வழி இருந்தது.

1977-இல், கஹாமாவின் கடைசி ஆண்கள் செத்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், கசகேலாவில் லிட்டில் பீக்கு ஒரு ஆண் குட்டி பிறந்தது. டூபி என்று பெயர் வைத்தார்கள். மேடம் பீயின் பேரன் கசகேலா ஆண்களோடு வளர்ந்து, அவர்களில் ஒருவனாக ஆனான்.